மொட்டைக் காரை இந்த முறை கொண்டுவராதே

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தபோது நான் சொன்ன பதிலை இந்தக் கடிதத்தில் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். "அப்பா, அடுத்த கிழமை காரைக் கொண்டுவந்து விடுறன். இந்த வின்ரருக்கும் அங்கை நிக்கட்டும், ஓகேதானே?" என்று கேட்டாய். "பரவாயில்லை, கொண்டு வா" என்று என் வாய் சொன்னது. நீயும் சந்தோஷமாக வைத்துவிட்டாய். நான் திரும்பிப் பார்த்தால், குசினியில் ஒரு காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. "ஆரைக் கேட்டுப் பரவாயில்லை எண்டு சொன்னனீங்கள்? என்ரை காலைக் கேட்டனீங்களோ?" என்றா. அதற்குப் பிறகு இரண்டு நாள் உப்பில்லாமல்தான் சாப்பாடு போட்டா. மூன்றாம் நாள்தான் பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போனில் சொல்ல வெளிக்கிட்டால் என் வாய் மறுபடியும் தன் வேலையைக் காட்டிவிடும்.

அந்தக் கராஜைப் பற்றி உனக்குத் தெரியாத கதை ஒன்று இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாங்கள் செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீட்டுக்கு வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. பனிக்காலத்தில் உன்னை இடுப்பிலும் சாமான் பையை மறுகையிலும் வைத்துக்கொண்டு அந்தப் படியில் ஒவ்வொரு அடியாக அம்மா ஏறுவா. நான் தொழிற்சாலையில் பின்னேர வேலை, உதவிக்கு ஒருவரும் இல்லை. ஒருநாள் பால் போத்தல் கைதவறி மூன்று மாடியும் உருண்டு கீழே போனது. அன்றைக்கு அம்மா சொன்னா, வீடு வாங்கினால் கராஜோடு வாங்க வேணும், வீட்டுக்குள்ளேயே காருக்குப் போக வழி வேணும், மற்றது எதுவும் எனக்குத் தேவையில்லை என்று. ரொக்ஸ்பரோவில் இந்த வீட்டைப் பார்த்தபோது நான் அறைகளை எண்ணினேன். அம்மா கராஜுக்குள் மட்டும் போய் நின்றுவிட்டு வந்து "இதுதான்" என்றா. நான் அளந்து பார்த்திருக்க வேண்டும். குடிவந்த அன்று எங்கள் வான் வண்டியை உள்ளே விட்டேன், அழகாகப் போனது. கதவைத் திறந்தால் நாலு விரல்தான் திறந்தது. நீ பின் இருக்கையில் இருந்து கைதட்டிச் சிரித்தாய், நாங்களும் சிரித்தோம், பிறகு வானை வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு அது வெளியிலேயே நின்றது. ஆனாலும் கராஜ் வெறுமையாக இருந்தபடியால் பனி நாட்களில் அம்மா உள்படியால் இறங்கி, கராஜுக்குள்ளால் நடந்து, வாசலில் நிற்கும் வானில் ஏறிக்கொள்வா. வீட்டுக்கு முன்னால் உள்ள ஏழு படியையும் பனிக்காலத்தில் அவ தொட்டதே இல்லை.

பிறகு நீ படித்து முடித்து, முதல் சம்பளங்களைச் சேர்த்து, கூரை திறக்கிற அந்தச் சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மா ஆரத்தி எடுத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தா. அன்றைக்கே "மொட்டைக் கார்" என்று பெயரும் வைத்தா. நீ கூரையைத் திறந்தபடி அதைக் கராஜுக்குள் விட்டு, இருக்கையில் ஏறி நின்று, பின்பக்கத்தால் குதித்து இறங்கினாய். "அப்பா, இந்தக் கராஜுக்கெண்டே செய்த கார்!" என்றாய். நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அதற்கு அடுத்த வருஷமே உனக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்தது. அங்கே உன் கொண்டோ அடுக்குமாடியில் ஒரேயொரு கார் நிறுத்துமிடம், அது உன் பனிக்காலக் காருக்கு. ஆகவே ஒவ்வொரு ஒக்ரோபரிலும் மொட்டைக் காரை இங்கே கொண்டுவந்து படுக்க வைப்பாய், ரயிலில் திரும்பிப் போவாய், மே மாதம் ரயிலில் வந்து அதை எழுப்பிக்கொண்டு போவாய். ஏழு வருஷம். ஒருநாளாவது நான் மாட்டேன் என்று சொன்னேனா? இல்லை. ஒருநாளாவது நீ, "அம்மா எந்தப் பக்கத்தாலே வெளியே போறா?" என்று கேட்டாயா? அதுவும் இல்லை.

கார் உள்ளே போனால் கராஜில் ஆள் நடக்க இடமில்லை. அம்மாவின் மீன் பொரிக்கிற அடுப்பும் அங்கேதான் இருந்தது, குளிர்கால உடுப்புகளில் மணம் பிடிக்காமல் இருக்க எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருப்பதுபோல. ஒரு மே மாதம் வந்து, துணிக்கூரையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அம்மா, கார் முழுக்க மீன் மணக்குது!" என்று நீ முகத்தைச் சுழித்தாய். அடுத்த நாளே அடுப்பு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் கார் நிற்கிற அரை வருஷத்துக்கு மீன் பொரியல் கிடையாது. உனக்காக அவ விட்டவற்றில் இது சின்னது, அதனால்தான் சொல்லக்கூடியதாக இருக்கிறது.

இப்போது போன வருஷத்துக் கதைக்கு வருகிறேன். மற்ற வருஷங்களில் கூரையை வெளியிலேயே மூடிவிட்டு, இரண்டு பேருமாகக் காரை உள்ளே தள்ளி விடுவோம். நீ அந்த முறை அவசரமாக வந்தாய். கூரையைத் திறந்தபடியே காரை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாய். உள்ளே விடுவதற்கு இடம் பண்ணவென்று நீயும் நானும் அரிசி மூட்டைகளையும் பனிக்கால ரயர்களையும் தூக்கி, வீட்டிலிருந்து கராஜுக்கு வரும் கதவுக்கு முன்னால் அடுக்கினோம். பிறகு ஒரு பட்டியல் அனுப்பினாய். ரயருக்குக் காற்றைக் கூட்டி அடிக்க வேணும், எலி புகாமல் புகைக்குழாய்க்குள் கம்பிப் பஞ்சு வைக்க வேணும், பற்றறிக்குச் சார்ஜர் போட வேணும், கட்டாயம் கூரையை மூட வேணும், மூடாவிட்டால் துணி மடிப்பில் வெடிக்கும். நான் எல்லாவற்றையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அது என் பிழை. டிசம்பர் தொடக்கத்தில் போன் எடுத்து, "அப்பா, கூரையை மூடிட்டீங்களோ? சின்ன வேலை அப்பா, உள்ளுக்கை இருந்து பொத்தானை அமத்திப் பிடிச்சால் சரி" என்றாய். குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. நான் போனைக் குசினி மேசையில் வைத்துவிட்டு அப்போதே போனேன்.

அன்றைக்கு வெர்க்லா. விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை. நான் வெளியால் சுற்றிப் போய், கராஜ் கதவைத் தூக்கி உள்ளே நுழைந்து, மழை அடிக்காமல் அதை உள்ளேயிருந்து இழுத்து மூடினேன். ஸ்டூல் ஒன்றைப் போட்டு, அறுபத்துநாலு வயதில் உன் காரின் முதுகில் ஏறி, இருக்கைக்குள் இறங்கினேன். பொத்தானை அமத்தினேன். கூரை முனகிக்கொண்டு எழுந்து, என் தலைக்கு மேலாக வந்து, மூடிக்கொண்டது. சரி, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. கதவு நாலு விரல்தான் திறக்கும். கூரையைத் திறந்து வெளியேறினால், அதை மறுபடி மூடுவது யார்? மூட ஆள் உள்ளே இருக்க வேணும், ஆள் வெளியேறக் கூரை திறந்திருக்க வேணும். என்ஜினியருக்குப் படித்த பிள்ளை நீ, இதை யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. எக்கேடும் கெடட்டும் என்று திறக்கிற பொத்தானை அமத்தினேன். ஐந்து கிழமை சார்ஜ் இல்லாமல் கிடந்த பற்றறி, மூடியதோடு செத்துவிட்டது. ஹோர்னை அடித்தேன், அதுவும் ஒரு முனகலோடு நின்றது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் காருக்குள் இருந்தேன். பின்னேரம் அம்மா வேலையால் வந்தா. கூட வேலை செய்கிற பெண் தன் காரில் கொண்டுவந்து விட்டு, படியேறும் வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். நான் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டு அம்மா உள்படியால் இறங்கி வந்து கதவைத் தள்ளினா. அரிசி மூட்டை விடவில்லை. நீக்கலுக்குள்ளால் பார்த்து, "இஞ்சேருங்கோ, உதுக்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டா. சிரித்தா கூட. நான் எரிச்சலில், "சிரிக்காதையும். முன்பக்கத்தாலை போய்க் கராஜ் கதவைத் திறவும், காரைப் பின்னாலை உருட்டுவம்" என்று கத்தினேன். நான்தான் அனுப்பினேன் தம்பி. வீட்டுச் செருப்போடு, வெர்க்லா பெய்த ஏழு படிக்கு, நான்தான் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல். எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரர் கத்திக்கொண்டு ஓடி வருவதும், "மதாம், நே பூஜே பா!" என்று, அசையாதே என்று அவர் சொல்வதும் கேட்டது. அம்மா அவருக்குத் தமிழில், "அவர் காருக்கை, அவர் காருக்கை" என்று திருப்பித் திருப்பிச் சொன்னா. பதினைந்து அடி தூரத்தில் உன் அம்மா ஐஸில் கிடந்து எனக்காக அழுகிறா, நான் நாலு விரல் நீக்கலுக்குள்ளால் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு இயலாமையை நான் அனுபவித்ததில்லை. பின்பக்கத்து பிளாஸ்ரிக் கண்ணாடியைக் குதிக்காலால் உதைத்தேன். குளிரில் இறுகியிருந்தது, நாலாம் உதையில் வெடித்தது. துணியையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு, அந்த ஓட்டைக்குள்ளால் வெளியே வந்தேன்.

ஆகவே அந்தக் கண்ணாடி குளிருக்கு வெடிக்கவில்லை. துணியை எலி கிழிக்கவும் இல்லை. அம்மா பஸ் தரிப்பில் வழுக்கி விழவும் இல்லை. மூன்றும் நாங்கள் சொன்ன பொய். அம்புலன்ஸில் வைத்தே அம்மா, "தம்பிக்குச் சொல்லாதையுங்கோ, பாவம், தன்னாலை எண்டு நினைப்பான்" என்றா. நான் அதைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் நான் அனுப்பித்தான் விழுந்தா என்பதையும் அதோடு மறைத்துவிடலாம். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்து, ஆணி அடித்தார்கள். உனக்குச் "சின்ன முறிவு" என்றோம். நீ, "வரட்டோ அப்பா?" என்று கேட்டாய். "பரவாயில்லை, உனக்கு வேலை இருக்கும்" என்றேன். நீ வரவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி உனக்கு ஒழுங்காகச் சொல்லித் தராதது என் மிகப் பெரிய பிழை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் பிழைக்கெல்லாம் உன் காதைத் திருகினேன், இதைச் சொல்லித் தரவில்லை. நீ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவன். பரவாயில்லை என்று கேட்டதும் உன் தலைக்குள் அது "செ கொரெக்ட்", எல்லாம் சரி, என்று மாறிவிடுகிறது. அவர்கள் செ கொரெக்ட் என்றால் அது செ கொரெக்ட்தான், அத்தோடு விஷயம் முடிந்தது. எங்கள் வீட்டில் பரவாயில்லை என்றால், எனக்குக் கஷ்டம்தான், ஆனால் நான் சொல்ல மாட்டேன், நீயாக இன்னொரு முறை கேள் என்று அர்த்தம். "வரட்டோ?" என்று நீ இரண்டாம் தரம் கேட்டிருந்தால் உன் அம்மா ஓமென்று சொல்லியிருப்பா. ஒருதரம் கேட்டுவிட்டு நின்றுவிட்டாய். அதற்காக மூன்று மாதம் உன்னில் கோபமாக இருந்தேன், உனக்கு அது தெரியவும் தெரியாது. புரியாத மொழியில் ஏசிவிட்டு, அவனுக்கு உறைக்கவில்லையே என்று குமுறுகிற ஆளாக இருந்திருக்கிறேன். இனிமேல் நான் சொல்வதை நேரே சொல்லப் பழகுகிறேன். நீயும் மனிதர்களிடம் இரண்டாம் தரம் கேட்கப் பழகு. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்தால் அவளிடமும் கேள்.

மே மாதம் வந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அரிசி மூட்டையை இஞ்சை வைச்சால் எலி வரும்தானே அம்மா? எத்தினை தரம் சொல்லிட்டன்?" ஊன்றுகோலோடு நின்ற அம்மாவைப் பார்த்துக் கேட்டாய். அவ என்னைப் பார்த்தா. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவ, "இனி வைக்கேல்லை ராசா" என்று சொல்லிவிட்டு உனக்கு இடியப்பம் அவிக்கப் போனா. நீ சாப்பிட்டுவிட்டு, கிழிந்த கூரைக்கு பிளாஸ்ரிக் ஒட்டிக்கொண்டு, பின்னேரமே புறப்பட்டுவிட்டாய். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் எவ்வளவு உன் மேல், எவ்வளவு என் மேல் என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது விஷயம் இதுதான். அம்மா செப்ரெம்பரிலிருந்து கார்டெரியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், மறுபடியும் சமைக்கப் போகிறா, கிழமைக்கு மூன்று நாள். அந்தக் குஞ்சுகள் அவவைக் கண்டதும் "மாமி, மாமி" என்று காலைக் கட்டிக்கொள்ளுங்களாம், பிரெஞ்சுப் பிள்ளைகள் கூட. ஒன்பது மாதம் வீட்டுக்குள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி இப்போது காலையில் பாட்டு முணுமுணுக்கிறா. காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், இன்னொரு தரம் விழுந்தால் இப்படி நடக்க முடியாது, பனி உறைந்த படியில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. கராஜ்தான் அவவுக்கு ஒரே வழி. உன் கார் உள்ளே வந்தால், முதல் பனியோடு அம்மா வீட்டுக்குள் அடைபடுவா, ஏப்ரல் வரைக்கும் வேலையில்லை, கோயிலில்லை, ஒன்றுமில்லை. அதற்கு நான் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். கீரைக் கட்டை என் தலையில் எறியாமல் விட்டது அவவின் பெருந்தன்மை.

ஏன் சொன்னேன் என்று மூன்று நாளாக யோசித்தேன். பழக்கதோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது முழு உண்மையில்லை. தம்பி, நீ வருஷத்தில் இரண்டு தரம் வருகிறாய். ஒன்று காரை விட, மற்றது காரை எடுக்க. தீபாவளிக்கு வரவில்லை, தைப்பொங்கலுக்கு வரவில்லை, அம்மாவின் கால் முறிந்ததற்கும் வரவில்லை. அந்தக் காருக்குத் தப்பாமல் வந்தாய். கார் இல்லையென்றால் அந்த இரண்டு தரமும் இல்லாமல் போய்விடும் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் ஏழு வருஷமாக உன் காரை வைத்திருக்கிறேன், உனக்கு உதவி என்று சொல்லிக்கொண்டு. உண்மையில் அடகுப் பொருள் மாதிரித்தான் வைத்திருந்தேன். அதற்காக அம்மாவின் வழியை மறித்தேன், அவ விழுந்த பிறகும் மறுபடியும் மறிக்க ஓமென்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு யார் செய்திருந்தாலும் நானே போய்ச் சண்டை பிடித்திருப்பேன்.

காரைக் கொண்டுவராதே. ரொறன்ரோவில் எங்காவது இடம் பார், இல்லாவிட்டால் வில், அது உன் பாடு. இன்று காலை கராஜை முழுக்கக் கூட்டிக் கழுவினேன். உள்கதவைத் திறந்துவிட்டேன், சுவர் நீளத்துக்குக் கைபிடிக்க ஒரு பலகை அடித்தேன். அம்மா ஊன்றுகோலை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு, பலகையைப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து வந்து, வாசலில் நின்ற எங்கள் காரில் ஏறினா. ஏறி இருந்துகொண்டு, "இப்ப ஆரைக் கூட்டியரப் போறம்?" என்று கேட்டா.

அடுத்த சனிக்கிழமை ரயிலில் வா. கொண்டுவர ஒன்றும் இல்லாமல், எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லாமல், சும்மா வா. ஸ்டேஷனுக்கு நான் மட்டும் வரமாட்டேன், அம்மாவும் வருவா. ஓம் என்றால் ஓம் என்று எழுது, இல்லை என்றால் இல்லை என்று எழுது. பார்ப்போம் என்று மட்டும் எழுதாதே, அவ அதை நம்பி மீன் வாங்கி வைத்துவிடுவா.

அப்பா